பெரியவருக்கு ஒரு கம்பு

என் மனைவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதை நான் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தீர்களானால், அப்படிப்பட்ட ஒருத்தியோடு நீங்கள் குடித்தனம் நடத்தியதில்லை என்று அர்த்தம். என் தங்கை புது உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டால், உலகத்தில் உள்ள மற்ற அண்ணிகள் சொல்வதை இவள் சொல்ல மாட்டாள். "இந்த நிறம் உனக்கு எடுக்கல" என்பாள். அப்புறம் தங்கையைச் சமாதானம் செய்வது என் பாடு. நான் தையற்காரன். கிழிந்ததை ஒட்டுப் போடுவது எனக்குப் பழகிய தொழில்தான். ஆனால் வாய் கிழித்ததைத் தைக்க இன்னும் ஊசி வரவில்லை.

எங்கள் அறிமுகமே இந்தக் குணத்தால் வந்ததுதான். கல்யாணத்துக்கு முன் அவள் தையல் மெஷின் பழுது பார்க்கிறவளாக இருந்தாள். என் கடை மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. வந்தாள், கழற்றினாள், துடைத்தாள், மாட்டினாள். "மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க. நீங்க மிதிக்கிறதுதான் சரியில்ல" என்றாள். கடையில் வாடிக்கையாளர்கள் வேறு இருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் போன பிறகு, அவள் சொன்னபடி மிதித்துப் பார்த்தேன். நூல் அறவில்லை. கொஞ்ச நாளில் அவளையே கட்டிக்கொண்டேன்.

லிஃப்ட் வேலைக்கு அவள் போனது தனிக்கதை. ஒருநாள் துணி மொத்தக் கடைக்குப் போன இடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் அழுதார், ஒருவர் கதவை உதைத்தார். இவள் மட்டும் காதைச் சுவரில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். வெளியே எடுத்த மெக்கானிக்கிடம் மற்றவர்கள் சண்டை பிடித்தார்கள். இவள் அவரோடு மொட்டை மாடிக்குப் போய், மோட்டாரையும் கப்பியையும் கயிறுகளையும் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தும் வாய் மூடவில்லை. "என்னங்க, அந்தப் பெட்டி கீழ போகும்போது இன்னொரு எடை மேல போகுதுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு தூக்கிக்குது!" கண்ணெல்லாம் மின்னியது. அடுத்த மாதமே லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். எனக்கோ நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். எப்படிச் சேர்ந்தோமோ போங்கள்.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்து முடித்ததும் தானே தனியாக ஏறி, உச்சி வரை போய், இறங்கி வருவாள். பிறகு கதவில் கை வைத்துக்கொண்டு, "ஏறுங்க" என்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நம்பி, கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒருவர், மளிகைச் சாமானோடு ஒரு குடும்பம் என்று எல்லோரும் ஏறுவார்கள். கயிற்றை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அவள் சொன்னாள், ஏறினார்கள்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. வெட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகி, தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் மட்டும் சரிவு. லீவு நாள் காலையில் அங்கே போய் மண்புழு போட்டுச் சின்ன மீன் பிடிப்பது அவளுக்கு ஓய்வு. நான் துணைக்குப் போவேன், நிழலில் படுத்துக்கொள்வேன். நான் போகாத ஒருநாள் திரும்பி வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"கையளவு மீன் ஒண்ணு மாட்டுச்சுங்க. இழுத்துட்டு இருக்கேன், கீழ இருந்து ஒண்ணு வந்து அதைக் குறுக்கால கவ்விட்டுது. கவ்விட்டு அப்படியே என்னைப் பாத்துட்டு நின்னுது. அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டுப் போயிடுச்சு."

"எவ்வளவு பெரிசு?"

அவள் யோசித்து, தன் இடது தோளில் விரலை வைத்தாள். "இங்கிருந்து விரல் நுனி வரைக்கும். அதுக்கு மேல ஒரு சாண். தலை என் ரெண்டு உள்ளங்கை அகலம். இடது கன்னத்துல ஒரு வெட்டுத் தழும்பு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெரியவருங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மீனுக்குப் பெயர் பெரியவர்.

வீட்டோடு விட்டிருக்கலாம். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரி, என் கடைக்கு வந்தவர்கள். மீன் பிடிக்கிறவர்கள் அளந்து விடுவது உலகத்துக்கே தெரிந்த விஷயம். யார் எத்தனை தடவை கேட்டாலும் இவள் அதே தோளில் விரலை வைத்து, அதே சாணைக் காட்டினாள். ஒரு விரல் கூடவில்லை, குறையவில்லை. ஊர் சிரித்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "முழம் அக்கா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் ஒரு சட்டைக்கு அளவெடுக்கும்போது, "உங்க வீட்டு முழமா, கடை முழமா?" என்று ஒருவன் கேட்டான். அவன் சட்டைக் கையை வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாக வைத்துத் தைத்தேன்.

கேலியோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த தெருவில் ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பு. அந்த லிஃப்ட் அவள் பொறுப்பு. என் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கொண்டுபோய்க் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, லிஃப்டை மெல்ல ஓட விட்டுப் பார்ப்பாள். இரும்புக் கயிறு என்பது பல மெல்லிய கம்பிகளை முறுக்கியது. எங்காவது கம்பி அறுந்திருந்தால் துணி அங்கே மாட்டும். அன்று துணி நாலாபக்கமும் கந்தலாகி வந்தது. லிஃப்டை நிறுத்திப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். "கயிறு மாத்தாம யாரும் ஏறக் கூடாது."

குடியிருப்பின் செயலாளர் டயர் கடை வைத்திருக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. நாலு பேர் சிரித்தால் போதும், எதையும் சொல்லிவிடுகிற ரகம். படி ஏறி ஏறி எல்லோரும் சலித்துப்போய்க் கூட்டம் போட்டபோது, இவள் கந்தல் துணியை எடுத்துக் காட்டினாள்.

"துணி கிழியாம என்ன பண்ணும்? உங்க வீட்டுக்காரர் கடைத் துணிதானே!" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். "ஏம்மா, ரெண்டு கம்பி அறுந்திருக்கும், நீங்க இருநூறுன்னு முழம் போடுறீங்க. இதுவும் அந்த மீன் மாதிரிதான? அந்த மீனை ஒரு தடவை என் கண்ணுல காட்டுங்க, மறுநாளே கயித்த மாத்துறேன். அதுவரைக்கும் உங்க கம்பெனியில வேற ஆளை அனுப்பச் சொல்லியிருக்கேன். அவர் வந்து திறந்து விடட்டும்."

"சரி, காட்டுறேன்" என்றாள் இவள்.

வரும் வழியில் நான் செயலாளரைக் குலம் கோத்திரம் வரை திட்டிக்கொண்டே வந்தேன். அவள் வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள். "நான் ஏறுங்கன்னா ஏறணும். ஏறாதீங்கன்னா ஏறக் கூடாது. அது இல்லைன்னா எனக்கு இந்த வேலை எதுக்குங்க? கயிறு பாக்கத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மண்புழுவுக்கு வருகிற ஆள் இல்லை பெரியவர். கையளவு மீனையே வேண்டாம் என்று விட்டவர். அதைவிடப் பெரிய இரை வேண்டும். அதற்காகத் தூண்டில் கடைக்குப் போனோம்.

கடை ஒரு நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கமும் கம்புகள் மூங்கில் காடு போல நின்றன. கடைக்காரர் ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் மணிக்கட்டு எதையோ வீசுவது போல ஆடிக்கொண்டே இருக்கும். பெட்டியிலிருந்து ஒரு பொய்மீனை எடுத்து மேஜையில் வைத்தார். மரத்தில் செய்து, நடுவில் மூட்டு வைத்து, செதிலெல்லாம் வரைந்தது. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். என் பெரிய கத்தரிக்கோலின் எடை இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் விட்டு இழுத்துக் காட்டினார். வாலை ஆட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, மரம் என்று தெரிந்தும் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பொய் சொல்லத் தெரியாத என் மனைவி வாங்கிய முதல் பொய் அதுதான்.

"இதைச் சின்னக் கம்புல கட்டி வீசினீங்கன்னா கம்பு முறிஞ்சிடும்" என்றார் கடைக்காரர். "ஒவ்வொரு கம்புலயும் கைப்பிடிக்கு மேல போட்டிருக்கும் பாருங்க, எவ்வளவு எடை வரைக்கும் வீசலாம்னு. இந்த மீனோட எடை அந்தக் கணக்குக்கு நடுவுல வர்ற மாதிரி எடுக்கணும்."

"நடுவுலயா? எத்தனை மடங்கு கூட இருக்கணும்?"

"மடங்கு எதுக்கும்மா?"

"எங்க தொழில்ல நூறு கிலோ தூக்குற கயிறுன்னா ஆயிரம் கிலோவுக்கு மேல தாங்கணும்ங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. லிஃப்ட் மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கடைக்காரர் நீட்டிய கம்புகளையெல்லாம் வளைத்துப் பார்த்து, "ஆடுது" என்று வைத்துவிட்டாள். கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்தாள். குட்டை, கனம், இரும்புக் குழாய் மாதிரி விறைப்பு.

"அது நடுக்கடல்ல படகுல இருந்து நேரா மேல தூக்குறதும்மா! வீசுறதுக்கு இல்ல."

"இது ஆடல. இதுவே இருக்கட்டும்."

தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலும் அப்படித்தான். கடையிலேயே முரட்டு ரீலை எடுத்து, பக்கத்தில் இருந்த பிரேக் சக்கரத்தை மொத்தமாக இறுக்கினாள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ்வளவு இறுக்கக் கூடாது. மீன் இழுத்தா கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்."

"விட்டுக் குடுக்குதா? அதுக்குப் பேரு பிரேக்காங்க?"

பாவம் மனிதர். லிஃப்டில் பிரேக் விட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்திருப்பார்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பின்பக்கச் சந்தில், முள் கழற்றிய பொய்மீனை வீசிப் பார்க்காமல் யாருக்கும் கம்பு விற்க மாட்டார். சந்தின் கோடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பார். இவள் வீசினாள். மீன் பாதிச் சந்தில் சொத்தென்று விழுந்தது. இன்னொரு தடவை, அதே பாதி. ரீலில் நரம்பு குருவிக் கூடு போலச் சிக்கிக்கொண்டது. "எனக்குக் கை பழகல" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். சிக்கை நான் எடுத்தேன். நூல் சிக்கு எடுப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை, அதை மட்டும் நான் அடக்கமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

குவாரிக்கு நாங்கள் இருவரும் மட்டும் போனோம். காற்றே இல்லை. பாறைச் சுவர்கள் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கிப் போய், எங்கே பாறை முடிகிறது, எங்கே நிழல் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. அவள் வீசிக்கொண்டே இருந்தாள். கம்பு வளையாததால் எடை முழுவதும் அவள் தோளில்தான் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கையால் முடியாமல் இடது கைக்கு மாற்றினாள். "போதும் வா" என்றேன். "இன்னொண்ணு" என்றாள்.

பொய்மீன் கரைக்கு அருகில் வந்துவிட்டது. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடியிலிருந்து பாறை ஒன்று மெல்ல மேலே எழுந்து வந்தது. பாறைக்குக் கண் இருந்தது.

என்னால் அதற்கு மேல் சரியாகச் சொல்ல முடியவில்லை. அது அவசரப்படவே இல்லை. இந்தக் குவாரி முழுவதும் தன் வீடு என்பது போல நிதானமாக மேலே வந்தது. நான் அளவெடுத்தே பிழைக்கிறவன். யாரையும் பார்த்த மாத்திரத்தில் தோள், மார்பு, கை நீளம் சொல்லிவிடுவேன். அன்று என் கண் அளவெடுக்க மறந்துவிட்டது. இடது கன்னத்துத் தழும்பை மட்டும் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், ஏன் என்று தெரியாமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். பெரியவர் முன்னால் வேறென்ன செய்வது?

வாய் திறந்தது, பொய்மீன் உள்ளே போனது. இவள் பின்னால் சாய்ந்து இழுத்தாள். கம்பு வளையவில்லை. பிரேக் விடவில்லை. நரம்பு நீளவில்லை. ஒரு கணம் இரண்டு பக்கமும் அப்படியே நின்றது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம். இவள் மல்லாந்து விழுந்தாள். தண்ணீரில் ஒரு பெரிய வட்டம் விரிந்து, பாறையில் முட்டி, திரும்பி எங்கள் கால் வரை வந்தது.

பொய்மீன் திரும்பி வந்தது. மரத்தில் பல் பதிந்திருந்தது. தொங்கிய இரும்பு முள், வளைவெல்லாம் போய் என் கோணி ஊசி போல நேராக நிமிர்ந்திருந்தது.

நான் ஊரெல்லாம் சொன்னேன். யார் கேட்டார்கள்? "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று செயலாளர் சிரித்தார். முள்ளைக் காட்டினால், "குறடு வச்சு நிமித்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். புது மெக்கானிக் அடுத்த வாரம் வருவதாகக் கம்பெனியிலிருந்து தகவல் வேறு வந்துவிட்டது.

இவளுக்கு அந்தக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை. சாப்பிடும்போதும் நிமிர்ந்த முள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தவள், உடம்பெல்லாம் கிரீஸோடு சமையலறை வாசலில் நின்று சிரித்தாள்.

"இன்னிக்கு ஒரு லிஃப்ட் குழியைச் சுத்தம் பண்ண இறங்கினேங்க. அடியில ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். பெட்டி தப்பித்தவறி விழுந்தா அதுமேலதான் உக்காரும். அதை மிதிச்சுக்கிட்டு நின்னப்பதான் உறைச்சுது. நான் கயிறு மாதிரி விட்டுக் குடுக்காத கம்பை வாங்கினேங்க. நான் வாங்க வேண்டியது ஸ்பிரிங்."

மறுபடியும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானார். இவள் முள்ளை மேஜையில் வைத்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இரண்டு குறடுகளை எடுத்து, அதே மாதிரி இன்னொரு முள்ளை நிமிர்த்தப் பார்த்தார். முகம் சிவந்தது, முள் அசையவில்லை. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் அவர் மணிக்கட்டு அன்று ஆடவில்லை.

"எங்கம்மா இருக்கு இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"குவாரியில. கம்பு மாத்திக் குடுங்க."

அன்று அவள் கம்பு எடுத்த விதத்தை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு கம்பிலும் நரம்பைக் கோத்து, நுனியை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னாள். தான் தள்ளி நின்று, வளைவு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். சில கம்புகள் நுனியில் மட்டும் வளைந்தன. "இது பாதியில முரண்டு பிடிக்குது." சில, தொட்டாலே தலை சாய்ந்தன. "இது இந்தப் பொய்மீனைத் தூக்கி வீசாது." கடைசியில் அவளைவிட ஒரு முழம் உயரமான ஒன்று. முதலில் நுனி அசைந்தது, நான் இன்னும் இழுக்க நடு அசைந்தது, இன்னும் இழுக்கக் கைப்பிடிக்குப் பக்கத்தில் தடித்த பாகமும் வேண்டா வெறுப்பாக வளைந்து கொடுத்தது. நான் இழுக்க இழுக்க அது என்னைத் திருப்பி இழுத்தது. பொய்மீனின் எடை, கம்பில் போட்டிருந்த கணக்குக்கு நடுவில் வந்தது. கைப்பிடியும் நீளம், இரண்டு கையாலும் பிடிக்கலாம்.

"இதாங்க" என்றாள்.

ரீலுக்குக் கடைக்காரர் வேகமாகச் சுற்றுகிற ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் தலையசைத்தாள். "கரண்ட் போனா லிஃப்டைக் கையால சுத்தி மேல கொண்டு வருவோம். மெதுவாத்தான் ஏறும். ஆனா ஒரு ஆளே அத்தனை பேரையும் ஏத்திடலாம். அந்த மாதிரி மெதுவா, பலமா சுத்துறது குடுங்க. நரம்பு நிறையப் பிடிக்கணும்." பிரேக்கை இந்த முறை அவள் இறுக்கவில்லை. நரம்பின் நுனியில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, இழுத்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இழுத்து, எந்த எடையில் அது 'கிர்ர்' என்று விட ஆரம்பிக்கிறதோ அதைப் பார்த்து வைத்தாள். "விட்டுக் குடுக்குற பிரேக்" என்று தனக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

சந்தில் நின்றாள். வீசுவதற்கு இந்த முறை மணிக்கட்டை வெட்டி இழுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மீனின் எடை கம்பை வளைக்கும் வரை பொறுத்திருந்து, பெரிய வட்டமாக மெல்லச் சுழற்றி விட்டாள். சுருளில் கட்டை விரல் லேசாக இருந்தது. பொய்மீன் சந்து முழுவதும் பறந்து, கோடியில் இருந்த தொட்டிக்குள் தொப்பென்று விழுந்தது. கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தையல் மெஷின் நினைவு வந்தது. மிதிக்கிற விதம்தான் எல்லாம்.

புது மெக்கானிக் வருவதற்கு முந்திய நாள் காலையில், குவாரிச் சரிவில் குடியிருப்பே கூடிவிட்டது. செயலாளர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். பிளாஸ்கில் தேநீர் வேறு. "பெரியவர் எழுந்துட்டாரா, இல்ல இன்னும் தூங்குறாரா?" என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தார். சிரிப்பு வந்தது.

இவள் யாரையும் பார்க்கவில்லை. வீசினாள். எதிர்ப் பாறையின் அடி வரை போய் விழுந்தது. மெல்லச் சுற்றினாள். மறுபடி வீசினாள். வெயில் ஏறியது, தேநீர் தீர்ந்தது, சிலர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்போது கம்பு தலை குனிந்தது.

ரீல் 'கிர்ர்' என்று அலறியது. கம்பு நுனியிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து கைப்பிடிக்கு வளைந்தது. கூட்டத்தில் யாரோ, "முறிஞ்சிடும், முறிஞ்சிடும்!" என்று கத்தினார்கள். அது முறியவில்லை. மீன் போக நினைத்தபோது போக விட்டாள். நின்றபோது சுற்றினாள். அது இழுத்தால் இவள் முழங்கால் மடங்கும், இவள் சுற்றினால் அது தண்ணீரைப் பிளந்துகொண்டு வரும். ஒன்றையொன்று தூக்கிக்கொள்கிற இரண்டு எடைகளைப் பற்றி அவள் முதல் நாள் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் மனைவியை அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். அன்று நின்ற மாதிரி நான் பார்த்ததில்லை. மலைத்துப்போய் நின்றேன். கிளம்பியவர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆழமில்லாத தண்ணீருக்கு அதைக் கொண்டு வந்து கிடத்தினாள். கூட்டம் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்தது. கறுத்த பச்சை முதுகு, காசு அகலச் செதில்கள், திறந்து மூடுகிற செவுள். செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "அடேங்கப்பா!" என்றார். மறுபடியும், "அடேங்கப்பா!"

நான் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, மூக்கிலிருந்து வால் வரை பிடித்தேன். பிறகு அவள் கையை அளந்தேன். தோளிலிருந்து விரல் நுனி வரை சரியாக இருந்தது. அந்தச் சாண் மட்டும் இல்லை.

"ஒரு சாண் முன்ன பின்ன இருந்தா என்னய்யா!" என்று செயலாளர் கையை உயர்த்திக் கத்தினார். "ஒத்துக்கிறேன்! எல்லாரும் பாருங்க, அம்மா சொன்னது உண்மை! இதுதான் அந்த மீன்! நாளைக்கே கயிறு மாத்துறேன்!"

கைதட்டல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. எல்லாம் முடிந்தது, இனி யாரும் அவளை முழம் என்று சொல்ல மாட்டார்கள். அவள் தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து மீனின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். குனிந்து அவள் காதருகே, "ஆமான்னு சொல்லிடும்மா. உன்னைக் கும்பிடுறேன்" என்றேன்.

முள்ளை மெதுவாகக் கழற்றினாள். மீனை இரண்டு கையாலும் தாங்கி ஆழத்தின் பக்கம் திருப்பி விட்டாள். ஒரு வாலடி, அவ்வளவுதான், போய்விட்டது. எழுந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது அவர் இல்லைங்க" என்றாள். "இதுக்குக் கன்னத்துல தழும்பு இல்ல. அவர் இதைவிட ஒரு சாண் பெரிசு. நான் இன்னும் உங்களுக்குக் காட்டல."

கைதட்டல் நின்றுவிட்டது. யாரோ "அய்யோ" என்றார்கள், நானாகத்தான் இருக்கும். செயலாளர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தார். பிறகு கறுத்த தண்ணீரைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலியைத் தவிர வேறொன்றை நான் அன்றுதான் பார்த்தேன். என்ன நினைத்தாரோ, முகம் வெளிறியிருந்தது. பூட்டுவதற்கு முன்னால் அந்த லிஃப்டில் தினமும் அவர் பேத்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "அந்தக் கயிறு... எத்தனை மாத்தணும்?"

"எல்லாத்தையும்."

"மாத்திடுங்க. நாளைக்கு வர்ற ஆளை வேண்டாம்னு சொல்லிடறேன்."

கயிறுகள் மாற்றி முடிந்த அன்று நானும் போயிருந்தேன். அவள் தனியாக ஏறி, உச்சி வரை போய், இறங்கி வந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கதவு திறந்தும் செயலாளர் காலை எடுத்து வைக்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தார்.

"ஏறலாமாம்மா?"

"ஏறுங்க" என்றாள்.

பேத்தியை முதலில் ஏற்றினார்.